இரண்டரை மாதக் குழந்தைக்குப் பச்சையாகப் போகிறது

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போனவள், இப்போது நாலு நாளைக்கு ஒருமுறைதான் போகிறாள். நேற்று பச்சையாக, நுரையாக இருந்தது. முகம் சிவக்க முக்குகிறாள். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைக்கலாம், கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். செய்யலாமா டொக்டர்?
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் காம்பு ஆசனவாயின் மெல்லிய தோலைக் கிழித்துவிடும். விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிற்றால் போய், பிள்ளையின் உடம்பில் நீர் வற்றிவிடும். வசம்பு, சீனித் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும்.

ஆறு வாரம் தாண்டிய பிறகு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கலாம். பால் அவ்வளவு நன்றாகச் செரித்துவிடுகிறது, மிஞ்சுவது கொஞ்சம்தான். நாலு நாள் கழித்துப் போனாலும் கூழாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாக, காய்ந்து வந்தால்தான் மலச்சிக்கல். முக்கும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது இந்த வயதில் பிடிபடாது. அதனால்தான் முகம் சிவக்கிறது. சில வாரங்களில் தானாகச் சரியாகும்.

பச்சை நிறமும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பால் குடலில் வேகமாக இறங்கினால் பித்தம் நிறம் மாற நேரமிருக்காது, பச்சையாகவே வந்துவிடும். அவசரத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நுரையும் வரும். ஒரு பக்கத்தைக் குடித்து அவளாக வாயை எடுத்த பிறகு மறுபக்கம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறாளா, கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பச்சையை விட்டுவிடலாம்.

நான் பயப்படும் நிறம் வெள்ளை. மலம் சுண்ணாம்பு நிறத்திலோ, வெளிறிய சாம்பல் நிறத்திலோ போய், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தால், பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பிறந்து இரண்டு வாரம் கடந்தும் கண் மஞ்சளாக இருந்தால் கட்டாயம் இரத்தப் பரிசோதனை வேண்டும். "காலை வெயிலில் காட்டினால் போய்விடும்" என்று காத்திருப்பார்கள். நம் மலையில் மூடுபனி விலகி வெயில் வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அடைப்புக்கான அறுவைச் சிகிச்சை 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள், அதனால் இன்றே பாருங்கள். லயத்து அறையின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் வெளிறிய மலமும் மஞ்சளாகத் தெரியும். துணியைப் பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள், அங்கேயே போனில் படமும் எடுங்கள். வெள்ளையாகவோ வெளிறியோ இருந்தால் மருத்துவ மாது வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுதியபடி பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், அடுத்த கிளினிக்கில் படத்தைக் காட்டினால் போதும்.

பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு உப்பிக் கல்லாவது, 100.4 பாகை பரனைட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்க வேண்டாம். 1990-க்கு அழையுங்கள், அம்பியுலன்ஸ் இலவசம். வழியிலும் குடிக்கக்கூடிய நிலையில் இருந்தால் பால் கொடுங்கள், பச்சை வாந்தி என்றாலோ, வயிறு உப்பிக் கல்லாகியிருந்தாலோ கொடுக்க வேண்டாம்.