ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்: பேக்கப் கேள்வி பதில்

கம்ப்யூட்டர் பேக்கப்பை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில். எல்லோருக்கும் உள்ள பயம் ஒன்றுதான்: ஏற்கெனவே இருப்பது போய்விடுமோ? சாதாரணமாகக் காப்பி செய்வதால் எதுவும் போகாது. நடுவில் வரும் ஒரு கேள்விக்கு அவசரப்பட்டு 'ஓகே' கொடுத்தாலோ, இருப்பதன் மேல் எழுதும் வேலையைத் தெரியாமல் செய்தாலோதான் போகும்.

சார், 1 டெராபைட் டிஸ்கில் பாதி வரை கல்யாண போட்டோ, பிள்ளைகள் வீடியோ. மீதி இடத்தில் லேப்டாப் பேக்கப் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி, டிஸ்கில் தனக்கென ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டு அதற்குள் மட்டும்தான் எழுதும். உங்கள் போட்டோக்களைத் தொடாது. விண்டோஸ் 11-இல் அதை செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காது, கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. ஆன் செய்ததும் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய் ஒன்றை மாற்றுங்கள். பழைய பிரதிகளை என்றென்றும் வைத்திருப்பதாகத்தான் முதலில் அமைந்திருக்கும். இடம் தேவைப்படும்வரை வைத்திரு என்று மாற்றாவிட்டால் டிஸ்க் மெல்ல நிரம்பிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண போட்டோ அந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதற்கு இன்னும் பேக்கப் இல்லை என்றே அர்த்தம்.

பழைய பேக்கப் டி டிரைவில் இருக்கிறது. கட் செய்து எக்ஸ்டர்னலில் பேஸ்ட் செய்தால் போதாதா அண்ணா?

கட் வேண்டாம், காப்பி செய்யுங்கள். வேறு டிரைவுக்கு கட் செய்யும்போது பாதியில் கேபிள் கழன்றால் கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்று சிதறிக் கிடக்கும். எது போனது, எது வந்தது என்று பிரிப்பதற்குள் தலைவலி வந்துவிடும்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும் 'சைஸ்' வரியில் உள்ள பைட் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிரைவைக் கழற்றி மறுபடி மாட்டி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். அப்புறம்தான் பழசை அழிப்பது.

பழைய பேக்கப் ஃபைல் ஹிஸ்டரி போட்டது என்றால் கையால் நகர்த்தவே தேவையில்லை. 'செலக்ட் டிரைவ்' பகுதியில் புது டிரைவைத் தேர்ந்தெடுத்தால், பழையவற்றையும் கொண்டுபோகவா என்று அதுவே கேட்கும்.

ஒரு வீடியோவில் ரோபோகாப்பி கமாண்டுடன் எம்ஐஆர் சேர்க்கச் சொன்னார்கள். வேகமாக முடியுமாமே?

ரோபோகாப்பி என்பது விண்டோஸில் கமாண்ட் டைப் செய்து ஃபைல்களைக் காப்பி செய்யும் கருவி. வேகம் இருக்கட்டும், அந்த மூன்றெழுத்து என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். எம்ஐஆர் (/MIR) என்றால் மிரர். போய்ச் சேரும் இடத்தை, கிளம்பும் இடத்தைப் போலவே ஆக்கிவிடும். அங்கே கூடுதலாக இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது.

உதாரணமாக, டி டிரைவில் 'கணக்கு' என்ற ஃபோல்டர். அதை எஃப் டிரைவுக்கு, அதாவது எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு மிரர் செய்ய, எஃப்-இல் ஃபோல்டர் பெயர் எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுகிறீர்கள். எஃப் முழுவதும் 'கணக்கு' மாதிரி ஆக வேண்டும் என்றே ரோபோகாப்பி எடுத்துக்கொள்ளும். எஃப்-இல் இருக்கும் கல்யாண போட்டோ 'கணக்கு' ஃபோல்டரில் இல்லை அல்லவா? போய்விடும். கிளம்பும் ஃபோல்டர் காலியாக இருந்தால் இன்னும் மோசம், சேரும் இடமும் காலி.

எம்ஐஆருக்குப் பதில் 'இ' (/E) என்ற ஒற்றை எழுத்தைப் போடுங்கள். உள் ஃபோல்டர்களோடு காப்பி ஆகும், கூடுதலாக இருப்பதை அழிக்காது. ஆனால் அதே இடத்தில் அதே பெயரில் வேறு ஃபைல் இருந்தால் அதன் மேல் எழுதிவிடும், எனவே எஃப்-இல் புது ஃபோல்டர் ஒன்றின் பெயரைக் கொடுப்பது நல்லது. கூடவே 'எல்' (/L) சேர்த்து முதலில் ஒரு தடவை ஓட்டுங்கள். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலாகக் காட்டும். அதைப் படித்துவிட்டு 'எல்'-ஐ எடுத்துவிட்டு ஓட்டலாம்.

மேக்புக்கில் டைம் மெஷினுக்கு (மேக்கின் சொந்த பேக்கப் வசதி) டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் 'அழிக்கவா' என்று கேட்கிறதே?

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைக்குத்தான் வடிவு என்று பெயர். உங்கள் டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். டைம் மெஷினால் நேரடியாக அதில் எழுத முடியாது, அழித்துத் தன் வடிவுக்கு மாற்றத்தான் கேட்கிறது. அதில் முக்கியமான ஃபைல் இருந்தால் 'கேன்சல்' செய்துவிட்டு, அவற்றை வேறு டிஸ்குக்கு மாற்றிய பிறகு வாருங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது.

டிஸ்க் ஏற்கெனவே ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் வடிவு) என்றால் கதை வேறு. டிஸ்க் யூட்டிலிட்டியில் கூட்டல் குறியை அழுத்தி இன்னொரு வால்யூம் (டிஸ்குக்குள் தனிப் பகுதி) சேர்த்து, அதை டைம் மெஷினுக்குக் கொடுங்கள். பழைய வால்யூம் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால், புதியதற்கு 'கோட்டா', அதாவது இட உச்சவரம்பு வைத்துவிடுங்கள். 2020-இல் வந்த மேக்ஓஎஸ் பிக் சர் முதல் இது சரியாக வேலை செய்கிறது.

விண்டோஸில் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸோடு சேர்த்து டிரைவின் முழுப் பிரதி) எடுத்தேன். அழகாக இருக்கட்டும் என்று அந்த ஃபோல்டரை வேறு ஃபோல்டருக்குள் போட்டுவிட்டேன். ரீஸ்டோர் செய்யும்போது கண்டுபிடிக்கவில்லை.

வெளியே எடுத்து, டிரைவைத் திறந்ததும் முதலில் தெரியும் இடத்தில் வையுங்கள். பெயர் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' (WindowsImageBackup) என்றே இருக்க வேண்டும். அதே கம்ப்யூட்டருக்கு அடுத்த இமேஜை அதே டிரைவில் எடுத்தால் பழையதன் மேல் எழுதிவிடும். பழையதும் வேண்டுமென்றால் முதலில் அதன் பெயரை மாற்றிவிட்டு எடுங்கள், தேவைப்படும்போது பழைய பெயரைத் திருப்பி வைக்கலாம்.

300 ஜிபி காலியாக இருக்கிறது, 6 ஜிபி ஃபைல் ஏறவில்லை. ஏன்?

டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸின் 'கன்வர்ட்' கமாண்ட், உள்ளே இருப்பதை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடும். என்றாலும் முக்கியமானதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் ஆன பிறகு மேக்கில் மாட்டினால் படிக்கலாம், எழுத முடியாது.

நேற்று வரை நன்றாக இருந்த டிரைவ், இன்று மாட்டியதும் ஃபார்மட் செய்யச் சொல்கிறது.

கேன்சல். கேபிளை மாற்றுங்கள், ஹப் வழியாக இல்லாமல் நேரடியாக வேறு போர்ட்டில் மாட்டுங்கள், வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள். 'கடகட' சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு டேட்டா ரிக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

பேக்கப் டிரைவை எப்போதும் மாட்டியே வைக்கலாமா?

வேண்டாம். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், மாட்டியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். பேக்கப் முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி, பீரோவில் வையுங்கள். இரண்டாவது டிஸ்க் வாங்க முடிந்தால் அதை வீட்டில் வைக்காமல் அண்ணன் வீட்டிலோ அலுவலகத்திலோ வைப்பது நல்லது.