பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேல்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, இந்த வருடம் +2 முடித்த மகள், கூடவே சென்னையில் இருக்கும் பெரியப்பா. உட்கார்ந்ததும் அப்பா மஞ்சள் பையைத் திறந்து, மகளின் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால், இரண்டு ஏக்கர் நிலத்தின் பத்திர நகலை எடுத்து மேசையில் வைத்தார். பாப்பா நீட்டில் எடுத்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி எட்டாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சீட் வாங்கித் தர ஒருவர் இருக்கிறார் என்று பெரியப்பா சொன்னார். "இல்லாட்டி லாங் டெர்ம் கோச்சிங். ஒரு வருசம் போனாப் போகட்டும் மேடம். நம்ம வகையறாவுல ஒரு டாக்டர் இல்லையே!"

அம்மா அழுதுகொண்டே இருந்தார். பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிறகு மகளிடம், "உனக்கு எது பிடிக்கும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அப்பத்தாவுக்கு 91 வயசு மேடம். இன்னும் கடைக்கு நடந்து போகுது. அம்மாச்சிக்கு 64தான், படுத்த படுக்கை. ரெண்டு பேரும் ஒரே ஊரு, ஒரே சாப்பாடு. ஒரு புழுவுல ஒரேயொரு ஜீன மாத்தினா ரெண்டு மடங்கு நாள் வாழும்னு எங்க விலங்கியல் மிஸ் சொன்னாங்க. அப்ப வயசாகுறது தானா நடக்கலையா மேடம்? உள்ள இருந்து எதுவோ நடத்துதா?"

பெரியப்பா சிரித்தார். "புழுவப் படிச்சா யாரு வேலை குடுப்பா, யாரு கட்டிக்குவா?" சிறிது நேரத்தில் போன் வந்தது என்று எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் உங்கள் குடும்பத்துக்கே எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிலமும் பாப்பாவின் கேள்வியும் அப்படியேதான் இருக்கின்றன.

முதலில் நிலத்தைப் பற்றி. விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்பிபிஎஸ் என்றால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கல்விக் கட்டணமே ஆகும். விடுதி, இதர செலவெல்லாம் சேர்ந்தால் ஒரு கோடியைத் தாண்டிவிடும். அதை முடித்த கையோடு மேல்படிப்புக்கு இன்னொரு நீட் எழுத வேண்டும். உங்கள் இரண்டு ஏக்கர் முதல் இரண்டு வருடத்துக்குக்கூடத் தாங்காது. மீதிக்குக் கடன் வாங்குவீர்கள். அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு, டாக்டராக வேண்டும் என்று ஒரு முறைகூட வாய்திறந்து சொல்லாத ஒரு பெண்ணின் தலையில் விழும். இதற்கு நான் உடந்தையாக இருக்க மாட்டேன்.

கோச்சிங்குக்கு ஒரு வருடம் போவதும் இலவசம் இல்லை. இன்ஸ்பயர் என்று மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. +2 தேர்வில் தன் போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். +2 முடித்த அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். பாப்பாவின் +2 மதிப்பெண்ணைப் பார்த்தேன். விண்ணப்பித்துப் பார்க்கத் தகுந்த மதிப்பெண். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்றீர்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது. ஆனால் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

பல் மருத்துவம், சித்தா, நர்சிங், பார்மசி, இன்ஜினியரிங் பற்றியெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களே நிறையச் சொல்வார்கள். அதில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. பாப்பா கேட்ட கேள்விக்கு உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் புழுவின் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். ஆய்வகத்தில் சி. எலிகன்ஸ் என்பார்கள். நம் விவசாயிகள் நூற்புழு என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பயிரை ஒன்றும் செய்யாது; அழுகிய பழத்தில் பாக்டீரியாவைத் தின்று வாழும். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, 302 நரம்பு செல்கள். முட்டையிலிருந்து மூன்றே நாளில் வளர்ந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். 1963இல் சிட்னி பிரென்னர் இதை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். 2002இல் அவருக்கும் உடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு 2006, 2008, 2024 என்று இன்னும் மூன்று முறை இந்தப் புழுவில் வேலை செய்தவர்களைத் தேடி அந்தப் பரிசு வந்திருக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

முதுமை என்பது வண்டிச் சக்கரம் தேய்வது மாதிரி, அதற்கென்று ஜீன், அதாவது மரபணு, எதுவும் இருக்காது என்றே ரொம்ப நாள் பலரும் நம்பினார்கள். 1983இல் மைக்கேல் கிளாஸ் நீண்ட நாள் வாழும் சில புழு வகைகளைப் பிரித்தெடுத்தார். 1988இல் டாம் ஜான்சனின் குழு, அந்த ஆயுளுக்கு ஏஜ்-1 என்ற ஒரே ஜீன்தான் காரணம் என்று காட்டியது. 1993இல் சான் பிரான்சிஸ்கோவில் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற ஜீன் பழுதான புழுக்கள் இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்வதைக் கண்டது. மற்ற புழுக்கள் கிழடுதட்டி அசையாமல் கிடக்கும் நாளில் இவை இளசுகள் போல ஊர்ந்துகொண்டிருந்தன. பாப்பாவின் மிஸ் சொன்னது இதைத்தான். இதோடு சேர்ந்த இன்னொரு விஷயமும் இருக்கிறது: டாஃப்-16 என்ற மற்றொரு ஜீனை எடுத்துவிட்டால் அந்தக் கூடுதல் ஆயுள் காணாமல் போய்விடும்.

டாஃப்-2 என்ன ஜீன் என்பது 1997இல் தெரிந்தது. நம் உடம்பில் இன்சுலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஜீனுக்கு அது உறவுக்காரன். சாப்பாடு நிறைய இருக்கிறது என்ற சேதி அந்த ஏற்பி வழியாக வந்துகொண்டிருக்கும்வரை, டாஃப்-16 புரதம் செல்லின் உட்கருவுக்குள் போகாமல் வெளியே நிறுத்தப்பட்டிருக்கும். சேதி குறைந்தால் அது உள்ளே போய் நூற்றுக்கணக்கான ஜீன்களின் வேலையை மாற்றிவிடும். உருக்குலைந்த புரதங்களைச் சரிசெய்பவை, ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுப்பவை, கிருமிகளை எதிர்ப்பவை எல்லாம் அவற்றில் உண்டு. அதனால்தான் இந்தப் புழுக்கள் நீண்ட நாள் வாழ்வதோடு 35 டிகிரி சூட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் மற்றவற்றைவிட அதிக நேரம் தாங்குகின்றன. ஆயுளும் தாங்குதிறனும் இங்கே ஒரே கயிற்றின் இரண்டு புரிகள். இதை ஒரு மாணவி தன் கண்ணாலேயே பார்க்கலாம். டாஃப்-16 புரதத்தோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்த புழு வகை இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல் முழுக்கப் பரவியிருந்த பச்சை நிறம் உட்கருக்களில் புள்ளி புள்ளியாகத் திரண்டு நிற்கும்.

அம்மா, நீங்கள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள். அந்த மாத்திரை இந்தப் புழுவின் ஆயுளையும் நீட்டுகிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வின்படி, அந்த நீட்டிப்பு புழு தின்னும் பாக்டீரியாவின் வழியாக வருகிறது. மனிதர்களிலும் டாஃப்-16இன் உறவுக்கார ஜீன் ஒன்று உண்டு, ஃபாக்ஸோ-3 என்று பெயர். ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களில், அதன் ஒரு வகை நெடுநாள் வாழ்ந்தவர்களிடம் அதிகமாக இருந்தது என்று 2008இல் கண்டார்கள். ஆனால் ஒரே ஜீனால் மனித ஆயுள் இரண்டு மடங்காகிவிடாது. அப்படிச் சொல்லி யாராவது மருந்து விற்க வந்தால் நம்பாதீர்கள். அப்பத்தா, அம்மாச்சி கேள்விக்கு இன்னும் முழுப் பதில் யாரிடமும் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி பாப்பாவுக்காகக் காத்திருக்கிறது என்கிறேன்.

இனி வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஆயுள் சோதனை என்றால் அகர் என்ற கூழ் ஊற்றிய சிறு தட்டுகளில் நூறு, இருநூறு புழுக்களை வைத்து தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்ணுவது. பிளாட்டினம் கம்பி நுனியால் மெல்லத் தொட வேண்டும். அசைந்தால் உயிர், அசையாவிட்டால் கணக்கில் ஒன்று குறையும். புழு முட்டையிடும் நாட்களில் குஞ்சுகளோடு கலந்துவிடாமல் தாய்ப்புழுக்களைப் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்து போனவை, வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரித்து இறந்தவை முதுமையால் செத்தவை ஆகாது. அவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும். எந்தத் தட்டில் எந்தப் புழு என்பது எண்ணுபவருக்குத் தெரியாதபடி சங்கேத எண் போட்டிருப்பார்கள். ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது. இன்குபேட்டர் 20 டிகிரியிலேயே நிற்க வேண்டும். ஒரு நாள் கரண்ட் போய்ச் சூடேறினால் மூன்று வார உழைப்பு பாழாகிவிடும்.

அலுப்பாகத் தெரிகிறதா? பாதிப் பேருக்கு அலுப்பாகத்தான் இருக்கும், அவர்கள் வர வேண்டாம். ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒரு தொழிலும் இருக்கிறது. கடைசிவரை பார்க்க முடியாமல் போன புழுக்களைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு கப்லான்-மையர் முறை என்று ஒன்று உண்டு. புற்றுநோய் மருந்துச் சோதனைகளிலும் நோயாளிகளை அதே முறையில்தான் கணக்கிடுகிறார்கள். ஆராய்ச்சியை விட்டு வெளியே வந்தாலும், மருந்துச் சோதனை நிறுவனங்களில் புள்ளியியல் வேலைக்கு இது கைகொடுக்கும். யாரு வேலை குடுப்பா என்று கேட்டாரே, அவருக்கு என் முதல் பதில் இது.

எலியின் ஆயுளை ஆராய இரண்டு மூன்று வருடம் ஆகும், செலவும் பெரிது. புழுவுக்கு ஒரு செமஸ்டர் போதும். தீனி பாக்டீரியா, படுக்கை அகர். வேண்டாதபோது உறையவைத்துவிட்டு, வருடங்கள் கழித்து எடுத்தாலும் உயிரோடு வரும். அதனால்தான் பெரும் பணம் இல்லாத பல்கலைக்கழகங்களும் இதில் நல்ல வேலை செய்ய முடிகிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் பல வருடங்களாக இந்தப் புழுவை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் (ஐஐஎஸ்சி), டெல்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனம் போன்ற இடங்களிலும் சி. எலிகன்ஸ் ஆய்வகங்கள் உண்டு.

வழி இதுதான். ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வுக்கு இந்த வருடம் விண்ணப்பிக்கவில்லை என்கிறாள், சரி. அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி விலங்கியல் அல்லது உயிர்வேதியியல். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம்தான். டாக்டர் சீட் போனால் போகிறது, தனியாரில் பி.டெக் பயோடெக்காவது படிக்கட்டும் என்று லட்சங்களைக் கட்டாதீர்கள். அது அதே தவறின் சின்ன உருவம். சேருவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்புகள் உறை போட்டுத் தூசியோடு இருந்தால் அங்கே சேர வேண்டாம். இரண்டாம் வருடத்திலிருந்து அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு உயிர்த்தொழில்நுட்ப மேல்படிப்புக்கான ஜிஏடி-பி தேர்வு எழுதி எம்.எஸ்சி, அதன்பின் நெட் என்ற தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பிஎச்.டி சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஜெர்மனியில் கொலோன் நகரில் முதுமை உயிரியலுக்கென்றே மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. அது போன்ற இடங்களில் பிஎச்.டி மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், நீங்கள் கட்ட வேண்டியது இல்லை.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். பிஎச்.டி முடிய அவளுக்கு 27, 28 வயது ஆகிவிடும். உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும்; தமிழ் வழியில் படித்தவளுக்கு முதல் வருடம் திணறலாகத்தான் இருக்கும். எம்பிபிஎஸ் முடித்து எம்டி வாங்கவும் ஏறக்குறைய இதே வயதாகிவிடும் என்பதைப் பெரியப்பா கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாணப் பேச்சை நான் எடுக்கப் போவதில்லை. அவளிடம் கேட்டுவிட்டு நீங்கள் எடுங்கள்.

நான் சொல்கிறேன் என்பதற்காகவும் அவளை இதில் தள்ள வேண்டாம். பிடித்திருக்கிறதா என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, அழுகிய பழத்தைத் தண்ணீரில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நெளியும் நூற்புழு எத்தனை என்று 14 நாள் ஒரே நேரத்தில் எண்ணி நோட்டில் எழுத வேண்டும். எந்த இனம் என்று தெரிய வேண்டியதில்லை. பத்தாவது நாளும் அவளாகவே கிளம்பிப் போகிறாளா என்று மட்டும் நீங்கள் பாருங்கள், ஞாபகப்படுத்தாதீர்கள்.

நோட்டு முடிந்ததும் அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். கல்லூரி விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம். அப்பத்தா வர முடிந்தால் அழைத்து வாருங்கள், அவரோடு பேச எனக்கும் ஆசை. பத்திரத்தைக் கொண்டுவர வேண்டாம்.