பாசிகளில்தான் பச்சையம் இருக்கிறதே, ஒளியைப் பிடிக்கத் தனிப் புரதங்கள் எதற்கு? அவற்றின் அமைப்பு எப்படி இருக்கும்?

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும். நடுவிலுள்ள பச்சை ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் கடலுக்குள் இறங்க இறங்க முதலில் காணாமல் போவது சிவப்பு. மிஞ்சும் நீலப்பச்சை ஒளியைப் பிடிக்கத்தான் சிவப்புப் பாசிகளிடம் பைக்கோஎரித்ரின் என்ற புரதம் இருக்கிறது.

ஆய்வகத்தில் நான் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாசியை உறையவைத்து, உருகவிட்டு, அரைத்துச் சுழற்றியதும் பச்சையம் சவ்வோடு அடியில் படிந்துவிட்டது. மேலே ரோஜா நிறத்தில் தெளிந்த நீர். அதற்குள் பச்சை லேசரைச் செலுத்தினால் ஒளி போன தடம் முழுக்க ஆரஞ்சாக மின்னியது. உயிருள்ள பாசியில் அந்த ஆற்றல் பச்சையத்துக்குப் போயிருக்கும். இங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் ஒளியாகவே வெளியே வந்துவிட்டது.

அந்தக் கைமாற்றம் நடக்கும் இடத்துக்குப் பைக்கோபிலிசோம் என்று பெயர். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு புரதச் சங்கிலிகள் ஒரு சோடி. மூன்று சோடிகள் சேர்ந்தால் ஒரு வளையம். இரண்டு வளையங்கள் ஒட்டினால் ஒரு வட்டு. இணைப்புப் புரதங்கள் வட்டுகளை அடுக்கித் தண்டாக்குகின்றன. தண்டுகள் விசிறிபோல் விரிந்து நிற்க, அவற்றின் அடியில், பச்சையம் பதிந்திருக்கும் தைலக்காய்டு சவ்வின் மேல், அல்லோபைக்கோசயனின் என்ற புரதத்தால் ஆன மையம் உட்கார்ந்திருக்கும். வெளி நுனியில் பைக்கோஎரித்ரின் 560 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைப் பிடிக்கும். அடுத்திருக்கும் பைக்கோசயனின் என்ற புரதம் 620, மையம் 650, பிறகு பச்சையம். ஆற்றல் படிப்படியாக இறங்கி வருகிறது. வழியில் வீணாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. 2017-ல் கிரிஃபித்சியா பசிஃபிகா என்ற சிவப்புப் பாசியின் பைக்கோபிலிசோமை உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தபோது, ஒன்றில் மட்டும் 862 புரத அலகுகளும், அவை சுமக்கும், ஒளியை உறிஞ்சும் 2,048 நிறமிகளும் இருந்தன.

என்னை இந்தத் துறையிலேயே பிடித்து வைத்திருப்பது வேறொன்று. நீலப்பச்சைப் பாசிகளில் பைக்கோசயனினும் அல்லோபைக்கோசயனினும் சுமப்பது ஒரே நிறமியை! ஒன்று 620-இல் உறிஞ்ச, மற்றது 650-இல் உறிஞ்சுவதற்குக் காரணம், புரதம் அந்த நிறமியை எப்படி இறுக்கிப் பிடிக்கிறது, பக்கத்து நிறமிக்கு எவ்வளவு அருகில் வைக்கிறது என்பதுதான். அல்லோபைக்கோசயனின் வளையத்தைத் தனித்தனிச் சோடிகளாகப் பிரித்துப் பாருங்கள், 650 மறைந்து 615-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

டயட்டம் என்ற ஒருசெல் பாசிகளிலும் பழுப்புப் பாசிகளிலும் இந்தத் தண்டுகள் கிடையாது. அங்கே சவ்வுக்குள்ளேயே புதைந்த புரதம், பச்சையத்தையும் ஃபுகோசாந்தின் என்ற நிறமியையும் நெருக்கமாகச் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தப் பிடியில் இருக்கும்வரைதான் ஃபுகோசாந்தின் பச்சை ஒளியையும் உறிஞ்சும், பாசியும் பழுப்பாகத் தெரியும். ஒரு பழுப்புப் பாசித் துண்டைக் கொதிநீரில் போட்டால் சற்று நேரத்தில் பளிச்சென்று பச்சையாகிவிடும். நிறமிகள் உள்ளேயேதான் இருக்கின்றன. குலைந்தது புரதத்தின் பிடி.