ஐயர் கேட்டுக்கொண்டிருக்கிறார்

'டெல்லி கணேஷ் படங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். நானூறுக்கும் மேல் என்கிறார்கள். சில படங்களில் அவர் பேசும் நேரத்தைக் கூட்டினால் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. ஆனாலும் முகம் மறப்பதில்லை. வேஷப் பொருத்தமா, அதிர்ஷ்டமா?'
— ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

பேசும் நேரத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். கேட்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். 'நாயகன்' (1987) படத்து ஐயர், வேலு நாயக்கருக்கும் இந்தி பேசுபவர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவர். ஒரு பக்கம் கேட்டதை உள்வாங்கிப் பயந்து, பிறகுதான் மறுபக்கம் திரும்ப வேண்டும். வசனம் அங்கே இரண்டாம் பட்சம்.

படப்பிடிப்பில் முதலில் முழுக் காட்சியையும் மாஸ்டர் ஷாட்டாக எடுப்பார்கள். அடுத்து பெரும்பாலும் கதாநாயகனின் குளோசப். பிறகு லைட்டை மாற்றி, கேமராவைத் திருப்பி, குணச்சித்திர நடிகரிடம் வருவதற்குள் மதியச் சாப்பாடே முடிந்திருக்கும். மாஸ்டரில் 'வந்தாச்சு' என்ற சொல்லில் டம்ளரைக் கீழே வைத்திருந்தால், இப்போதும் அதே சொல்லில், அதே கையால், அதே அளவு காபியோடு வைக்க வேண்டும். ஒரு சொல் தள்ளிப்போனாலும் எடிட்டருக்கு ஒட்டாது. அப்போது எடிட்டர் வெட்டித் தூக்குவது கதாநாயகனின் குளோசப்பை அல்ல. வசனம் முடிந்த கையோடு தலையைக் குனிந்துகொள்வதும் இதே வம்புதான். அடுத்த ஷாட்டுக்கு வெட்டிப்போக எடிட்டருக்கு இடமே இருக்காது. 'கட்' காதில் விழும்வரை முகம் காட்சியிலேயே இருக்க வேண்டும். "என் சீனை வெட்டிட்டாங்க" என்று புலம்புகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சீரியலில் சிக்கல் வேறு. உதவி இயக்குநர் வசனத்தை ஓரமாக நின்று வாசிப்பார், நடிகர் வாங்கிச் சொல்வார். பழகாதவர்களின் கண் பிராம்ப்டர் பக்கம் ஓடிவிடும். பழகியவர் அந்த இடைவெளியை யோசிப்பதுபோல ஆக்கிக்கொள்வார்.

கணேஷ் பத்தாண்டுகள் விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் தேறி, 1977இல் 'பட்டினப் பிரவேசம்' படத்துக்கு வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்பா, மாமா, கணக்குப்பிள்ளை வேடங்களுக்கு அது சரியான வயது! ஐயர் வேடங்கள் நிறைய வந்தது உண்மைதான். அவற்றில் சில வெறும் பூணூலோடு நின்றுவிட்டன என்பதும் உண்மை. ஆனால் 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன், மறு வருடமே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடையே வேறு.

அதிர்ஷ்டம் என்று கேட்டீர்களே, அது கால்ஷீட்டில் இருக்கிறது. பெரிய நடிகரோடு சேர்ந்து வரும் காட்சியின் தேதி தள்ளிப்போனால், அதே நாளை வேறு படத்துக்குக் கொடுத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். ஒரு படத்துக்கு மீசையை எடுத்துவிட்டால், பாதியில் நிற்கும் இன்னொரு படத்துக்கு ஒட்டுமீசைதான். குளோசப்பில் அதன் ஓரம் தெரியும்.