பூண்டு நிலத்தை அடமானம் வைக்காதீர்கள், மகளை வேளாண் பொறியியல் படிக்க விடுங்கள்

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்துப் படித்தவள். கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்குப் பூண்டு விளையும் நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். "இவளோ எதுவும் பேச மாட்டேங்கிறா. மாட்டுக்குப் புல் வளர்க்கிற இடத்துல குடைக்கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்து நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கா. ராத்திரி தூக்கம் வரலைங்க" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. சீட் கை நழுவிவிடுமோ, சொந்தக்காரர்கள் நாளைக்கு ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் ஆறுதல் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அண்ணன் சொல்வது தவறு. அந்த நிலத்தின் பத்திரம் உங்கள் வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது.

பிள்ளை பொழுதைப் போக்குகிறாள் என்று நினைக்கிறீர்கள். நீங்களே எழுதியிருப்பதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். போன மழைக்காலத்தில் வாடகை டிராக்டர் மூட்டைகளோடு புல் நிலத்தின் குறுக்கே போய் வந்தது. அந்த இரண்டு தடத்திலும் புல் இன்னும் சரியாக எழும்பவில்லை, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. தடத்தில் கம்பி நாலு விரல் இறங்குகிறது, தள்ளிப் போய்க் குத்தினால் ஒரு சாண் இறங்குகிறது. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் இதே வேலையை மண் ஆராய்ச்சியாளர்கள் பெனட்ரோமீட்டர் என்ற கருவியால் செய்கிறார்கள். கூம்பு முனை வைத்த கம்பி, தலையில் அழுத்தம் காட்டும் மீட்டர், அவ்வளவுதான். அழுத்தம் சுமார் 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு) தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் கீழே இறங்கத் திணறும். காய்ந்த மண் எங்கே குத்தினாலும் கெட்டியாகத்தான் இருக்கும், அதனால் நல்ல மழைக்கு மறுநாள் அளக்க வேண்டும். உங்கள் மகளும் மழைக்கு மறுநாள்தான் கம்பியை எடுத்துக்கொண்டு போகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இந்தப் புத்தி வருவது லேசான விஷயம் இல்லை.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெறும் துளைகள். காற்றும் தண்ணீரும் இருப்பது அங்கேதான். சக்கரம் ஏறும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். முதல் தடவை ஏறியதிலேயே சேதத்தில் பெரும்பங்கு நடந்துவிடும். இதில் நிறைய அடிபடுபவை, காயவைத்துத் தீவனமாக்கும் உலர்புல் வயல்கள். அமெரிக்காவில் குதிரை மசால் என்ற தீவனப் பயிரை ஒரு தடவை விதைத்துச் சில வருடங்கள் வைத்திருந்து, வருடத்துக்குப் பல முறை அறுப்பார்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் அறுக்கும் இயந்திரம், புல்லை வரிசையாகக் கூட்டும் இயந்திரம், கட்டுக் கட்டும் பேலர், கட்டுகளை ஏற்றும் வண்டி என ஒன்றன்பின் ஒன்றாக வயலில் இறங்கும். நெல் வயலானால் அடுத்த உழவில் மேல்மண்ணையாவது இளக்கிக்கொள்ளலாம். உளிக்கலப்பை போட்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணையும் உடைக்கலாம். புல் நிலத்தை உழுதால் பயிரே போய்விடும். ஆகவே இறுகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. ஈர மண்ணில் வண்டியை இறக்கக் கூடாது. எல்லா வண்டியும் ஒரே தடத்தில் போக வேண்டும். டயரில் காற்றை, எடைக்குத் தக்கபடி எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். அறுத்த புல்லைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், புதுத் துளிர் கிளம்பிய பிறகு சக்கரம் ஏறினால் அடுத்த அறுப்பில் மகசூல் குறையும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேல்மண் இறுகுவது பெரும்பாலும் டயரின் அழுத்தத்தால், அடிமண் இறுகுவது சக்கர அச்சின் மேல் ஏறும் மொத்த எடையால். அகல டயர் மாட்டிவிட்டுப் பாரத்தையும் கூட்டிக்கொண்டால் அடிமண் தப்பாது.

நம் மலையில் அவ்வளவு பெரிய இயந்திரங்கள் இல்லை. பவர் டில்லரும் சிறிய டிராக்டரும்தான். ஆனால் நமக்குச் சரிவு இருக்கிறது. இறுகிய தடத்தில் மழைநீர் இறங்காமல் ஓடும், ஓடும்போது மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி மையம் உங்களுக்குப் பக்கம்தான், ஆட்டுக்கு மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே போனால் தெரியும். ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்புக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் 1954 முதல் இருக்கிறது.

இதையெல்லாம் முறையாகச் சொல்லித் தரும் படிப்பு பி.டெக். வேளாண் பொறியியல். அக்ரி என்றால் எல்லோரும் பி.எஸ்சி.யைத்தான் நினைக்கிறார்கள், இது வேறு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், கோயம்புத்தூரிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் இருக்கிறது. நான்கு வருடம். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். பண்ணை இயந்திரம், மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு இரண்டும் ஒரே படிப்பில் வருகின்றன, உங்கள் மகள் நோட்டில் எழுதுவதும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். இவ்வளவு உரிமை இருக்கும் பிள்ளைக்காக நிலத்தை அடகு வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. கம்ப்யூட்டர் படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் பிள்ளைக்கு அதில் நாட்டம் இல்லை, பணமோ கடன் பணம். அவளுக்கு ஒரு பேப்பர் போனாலும் வீட்டில் வட்டிக் கணக்குதான் பேச்சாக இருக்கும்.

வேலை கிடைக்குமா? வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கிறது. இடங்கள் குறைவு, அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. டிராக்டர், பண்ணைக் கருவி நிறுவனங்கள் இருக்கின்றன. மேலே படித்தால் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், அதன் கோயம்புத்தூர் மையம், ஜான்சியில் புல், தீவனத்துக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நிறுவனம் வரை போகலாம். பெண் பிள்ளைக்கு டிராக்டர் எதற்கு என்று மாமா கேட்கிறாராம். இந்தப் படிப்பில் பெண்கள் சேர்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருக்கு இதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். வேளாண் பொறியியல் கலந்தாய்வுக் கல்லூரிகள் சிலவற்றிலும் உண்டு. இரண்டிலும் கிடைக்காவிட்டால் ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் ஒரு வருடம், அதுவும் கௌரவமான வழிதான். நிர்வாக ஒதுக்கீடு மட்டும் வேண்டாம். அண்ணன் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் வகுப்பு தொடங்கும் முன் எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் அவற்றையும் வாங்கி வந்துவிடுங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி எந்தக் கல்லூரியும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.