வெளிப்படையற்ற தீர்வு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். ப்ளஸ் டூவில் 600க்கு 531. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தது. இப்போது இரண்டாம் செமஸ்டர். முதல் செமஸ்டரில் கணக்கு, பைத்தான் இரண்டிலும் அரியர். எங்கள் தெருவிலேயே முதல் இன்ஜினியர் என் பையன்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரியர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நான் சோம்பேறி இல்லை ஐயா. தினமும் ஐந்து மணிநேரம் படிக்கிறேன். முக்கியமான வரிகளில் கலர் பேனாவால் கோடு போட்டு மூன்று நான்கு தடவை படிப்பேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. ஹாலில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. நேரம் வீணாகிறது என்று ரூம்மேட்டோடு பேசுவதைக்கூட நிறுத்திவிட்டேன். அவனுக்கும் கணக்கில் அரியர்தான்.

பொமொடோரோ முறையில் படிக்கலாமா? காலை நான்கு மணிக்கு எழுவது நல்லதா? மாதம் 399 ரூபாய்க்கு ஒரு ஆப் இருக்கிறது, அரசு தரும் தமிழ்ப் புதல்வன் உதவிப் பணத்தில் கட்டலாமா? ஆங்கிலம் பேசவும் ஆளுமையை வளர்க்கவும் எந்தப் புத்தகம் படிக்கவேண்டும்? எனக்கு ஞாபகசக்தி குறைவாக இருக்குமோ?

எம்.

*

அன்புள்ள எம்.,

போன வாரம் வீடு மாற்றினோம். பரணிலிருந்து என் ஹாஸ்டல் தகரப் பெட்டியை இறக்கினார்கள். பழைய இரும்புக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு 150 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கோபம். ஏன் கொடுக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. எனவே இந்தப் பதில் பாதி உங்களுக்கு, பாதி என் வீட்டுக்கு.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுவோம். பொமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்த காலத்தில் தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்துப் படித்தார், 25 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. செய்யுங்கள், ஒரு கெடுதலும் இல்லை. காலை நான்கு மணி? ஹாஸ்டலில் விளக்கை அணைப்பதே ஒரு மணிக்கு என்றால் நான்கு மணிக்கு எழுந்து கொட்டாவிதான் விடுவீர்கள். ஆளுமை வளர்ச்சிப் புத்தகம் எதையும் நான் படித்ததில்லை. என்னை நேரில் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஞாபகசக்தி குறைவா என்று கேட்கிறீர்கள். 531 மார்க் எடுத்த ஆள் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கோபம் வந்தது. உங்கள் தலையில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் படிக்கவே இல்லை, அவ்வளவுதான். ஐந்து மணிநேரம் படிக்கிறேன் என்கிறீர்களே, அந்த ஐந்து மணிநேரத்தில் புத்தகம் எவ்வளவு நேரம் மூடியிருந்தது? உண்மையைச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது. நாலு தடவை கண்ணை ஓட்டுவதற்குப் பெயர் படிப்பு இல்லை தம்பி. தேர்த் திருவிழாவில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல. பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். வடத்தைப் பிடித்தால்தான் கை காய்க்கும்.

எனக்கு இதைச் சொல்லும் யோக்கியதை உண்டு. நானும் இதையேதான் செய்தேன்.

1993. நானும் தமிழ் வழிதான். முதல் வாரம் ஒரு பேராசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி எந்த மீடியம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொன்னதும், திட்டியிருந்தால் பரவாயில்லை, 'பாவம்' என்றார். வகுப்பு சிரித்தது. அந்த ஒரு சொல் என்னை இரண்டு வருடம் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தது. ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. கணக்கில் முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில். மூன்றாவது தடவைக்கு, உங்களைப்போலவே, மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். மஞ்சள் கோடு போடாத வரி அந்தப் புத்தகத்தில் கிடையாது. கோடு போடாத வரிகளைத் தேடி எண்ணியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும்.

என் அறையில் ஒருவன் இருந்தான். வேதாரண்யத்துக்காரன் என்றே கூப்பிடுவோம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அவனுக்கும் அதே பேப்பர் அரியர். பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து, 'மாப்ள, முதல் யூனிட்டை மட்டும் எனக்குச் சொல்லிக்குடுத்துரு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்' என்றான். எனக்குப் பெருமை. என் தகரப் பெட்டியின் மூடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அதைத் திறந்து சுவரில் சாய்த்து, சாக்பீஸை எடுத்தேன்.

முதல் யூனிட் என்றால் அணிகள், எண்களைக் கட்டம்கட்டி அடுக்கிவைத்தவை. அதில் ஐகன் வேல்யூ, அதாவது லாம்டா என்று ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கவேண்டும். A என்று ஓர் அணி, மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களிலிருந்து லாம்டாவைக் கழி, அணிக்கோவையை, அதாவது அந்தக் கட்டத்திலிருந்து கணக்கிட்டு வரும் ஒற்றை மதிப்பை, எடு, சைபருக்குச் சமப்படுத்து. இரண்டு வரி எழுதியிருப்பேன்.

'இரு. அங்க எதுக்கு சைபர்?'

'புஸ்தகத்துல அப்டித்தான் இருக்கு.'

'புஸ்தகத்துல இருக்கு, சரி. ஏன் இருக்கு?'

சாக்பீஸோடு நின்றேன். உங்களுக்கு அந்த நிற்றல் தெரியும், ஹாலில் நின்றிருப்பீர்கள். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வரிக்குப் பக்கத்திலேயே, மஞ்சளில் குளித்துக்கொண்டு, 'நான்-ட்ரிவியல் சொல்யூஷன்' இருக்கவேண்டுமென்றால் அணிக்கோவை பூச்சியமாகவேண்டும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஐம்பது தடவை படித்த வரி. ட்ரிவியல் என்றால் என்னவென்று ஒரு தடவைகூட என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

வேதாரண்யத்துக்காரன் கட்டிலில் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, 'ப்ளஸ் டூல வெளிப்படையற்ற தீர்வுன்னு ஒண்ணு வருமே, அதுவா இருக்குமோ?' என்றான்.

அதுதான். அந்த அணிக்குப் பின்னால் சில சமன்பாடுகள் இருக்கின்றன, எல்லா மாறிக்கும் பூச்சியம் போட்டால் அவை தானாகவே சரியாகிவிடும். அது வெளிப்படைத் தீர்வு, யாருக்கும் பிரயோஜனமில்லை. அதைத் தவிர வேறொரு தீர்வும் வேண்டுமென்றால் அணிக்கோவை பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். இதை நான் ப்ளஸ் டூவில் தமிழில் படித்து, புரிந்து, பத்து மார்க் கணக்காகப் போட்டிருக்கிறேன். அத்தனை காலமும் அது எனக்குள் ஒரு பெயரில் இருந்தது, புத்தகத்தில் வேறு பெயரில் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிய, எதிரில் ஒருவன் படுத்துக்கொண்டு 'ஏன்' என்று கேட்கவேண்டியிருந்தது.

உங்கள் ஆங்கிலக் கேள்விக்கும் இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை. தமிழில் படித்ததை ஏதோ கடன்போல மறைத்துவைத்துக்கொண்டு திரிகிறீர்கள். அது உங்கள் கைமுதல். புதுச்சொல் வந்தால் பழைய சொல்லைத் தேடி பக்கத்தில் எழுதுங்கள், யார் சிரித்தாலும். பேச்சு ஆங்கிலம் மூன்றாம் வருடத்தில் தானாக வரும். வராவிட்டால் அப்போது கடிதம் போடுங்கள்.

இதை நான் ஏதோ என் சொந்தக் கதையை வைத்து மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் படிக்க ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் நான்கு சுற்றும் படித்தது, உங்களைப்போல. இன்னொரு கூட்டம் ஒரே ஒரு சுற்று படித்துவிட்டு, மிச்ச மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் ஞாபகம் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நாலு சுற்றும் படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நாலு சுற்றும் படித்தவர்கள் 40, மூடிவைத்து எழுதியவர்கள் 61. இதில் எனக்குச் சிரிப்பும் வலியும் வரவைத்த இடம் வேறு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நாலு சுற்றும் படித்தவர்களே. 'படிக்கும்போது எல்லாம் புரிகிறது' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த நம்பிக்கை.

அமெரிக்கா வரைக்கும் போகவேண்டாம் என்றால் நன்னூலைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். எழுத்து, சொல்லுக்குப் போவதற்கு முன்னால் பாயிரத்தில் எப்படிப் பாடம் கேட்பது என்று அவர் கணக்கே போட்டுவைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை முழுக்கக் கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் ஏறும், 'காற்கூறு அல்லது பற்றலன்'. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் இரண்டு கால், அதாவது சரிபாதி, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். (உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். சொன்னான், சரி. நீங்களும் நானும் கேட்டோமா?)

இப்போது உங்கள் கடிதத்தின் அந்த வரிக்கு வருகிறேன். ரூம்மேட்டோடு பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று ஏதோ சிகரெட்டை விட்டதுபோலப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் அதே பேப்பர் அரியர். நாலு அடி தூரத்தில் இன்னொரு கட்டில். நன்னூல் கணக்குப்படி முக்கால் பங்கு படிப்பு அந்தக் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. நீங்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மிச்சமிருக்கும் கால் பங்கைக் கலர் கலராகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு மாதம் 399 ரூபாய் வேறு தரலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

இன்று ராத்திரி அவனை எழுப்புங்கள். முதலில் மன்னிப்பு கேளுங்கள், அவன் கெட்டவார்த்தை சொல்வான், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு 13 மார்க் கேள்வியை எடுத்து, புத்தகத்தை மூடி, அவனுக்குச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். மாட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள், பார்த்ததும் மூடிவிடுங்கள். ரெண்டு நாள் கழித்து அதே கேள்வியை அவன் உங்களுக்குச் சொல்லட்டும். ஒரு வாரம் கழித்து இருவரும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். செராக்ஸ் கடையில் கெட்டுப்போன ஒருபக்கத் தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தால் சுவருக்குச் சொல்லுங்கள். சுவர் ஏன் என்று கேட்காது, அந்தக் குறை ஒன்றுதான்.

மனப்பாடம் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு மார்க் கேள்விக்கு வரையறையை உருப்போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் பைத்தானை நோட்டில் எழுதி உருப்போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் அந்த ஜாதி என்றே சந்தேகப்படுகிறேன். லேபில் உட்கார்ந்து அடியுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் என்ன விடை வரும் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். தப்பாக வந்தால் அன்றைக்குப் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்பா விஷயம். அரியர் என்றால் அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டி வர நேரமாயிற்று. என் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. பாஸான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, என்னிடம் கேட்காமல், ரெண்டு வருடம் தெரியாததுபோலவே இருந்தார். அவர் போன பிறகு அம்மாதான் சொன்னாள். நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லிவிடுங்கள். ஃபெயில் என்று சொன்னால் போதும், அந்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும். மறுபடி எழுதலாம் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள், மூச்சு விடாமல்.

அந்தத் தடவை நாங்கள் இருவருமே பாஸ். சொல்லிக்கொடுத்தவன் நான், ஆறு மார்க் கூட வாங்கியவன் வேதாரண்யத்துக்காரன். இதற்குப் பவணந்தியாரிடம் சூத்திரம் கிடையாது. அன்று ராத்திரி யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்பதே இப்போது யோசித்தால் குழப்பமாகத்தான் இருக்கிறது. பெட்டி மூடியில் சாக்பீஸ் எழுத்து எதுவும் மிச்சமில்லை, பெயிண்ட்கூடப் பாதி உரிந்துவிட்டது. ஆனாலும் 150 ரூபாய்க்குத் தரமாட்டேன்.

எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். எனக்குக் கணக்கு மறந்துபோய் வருடக்கணக்காகிறது. வேதாரண்யத்துக்காரன் இப்போது ஊரோடு போய்விட்டான், சாயங்காலம் ப்ளஸ் டூ பையன்களுக்கு டியூஷன் எடுக்கிறான். கேட்டுச் சொல்கிறேன். ஏன் என்று முதலில் உங்களைத்தான் திருப்பிக் கேட்பான், அதற்குத் தயாராக இருங்கள்.