போன்ல பெரிய அப்டேட் வந்திருக்கு, போடலாமா வேணாமா?

நீங்க கேட்டது இதுதான்: ரெண்டு வருஷம் ஆன போன், ஆண்ட்ராய்டு புது வெர்ஷன் தினமும் வந்து நச்சரிக்குது, போட்டா ஸ்லோ ஆயிடும்னு ஃப்ரெண்டு பயமுறுத்துறான், என்ன பண்றதுன்னு. உங்க கையில இருக்கற போன்னா பேக்கப் எடுத்துட்டு போட்டுருங்க. ரெண்டு மூணு நாள் சூடாகும், சார்ஜ் வேகமா இறங்கும், அப்புறம் தானா சரியாயிடும். ஆனா "வீட்டு போன்"னு எழுதியிருக்கீங்க, அதனால இது அப்பாவோ அம்மாவோ வச்சிருக்கற போன்னு எடுத்துக்கிட்டுதான் மேற்கொண்டு சொல்றேன்.

எங்கம்மா சாத்தூர் பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க, நான் சென்னைல. 2025 பிள்ளையார் சதுர்த்திக்குப் போயிருந்தப்ப அவங்க போன்லயும் இப்படித்தான் அப்டேட் வந்து நின்னுச்சு. வீட்ல வைஃபை கிடையாது, டெய்லி ஒரு ஜிபி பேக்குதான், அதனால என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கி, முடியறப்ப ராத்திரி பதினோரு மணி. ரீஸ்டார்ட் ஆகி நல்லாத்தான் வந்துச்சு. மறுநாள் பஸ் ஏறிட்டேன்.

சென்னைல இறங்கிக் கூப்பிட்டா ரிங் போகுது, எடுக்கல. ஒம்பது தடவை. அவங்களுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடிச்சு ஓடிப்போய் பாருங்கக்கான்னேன். அவங்க போய் பாத்தா, அம்மா திண்ணைல உக்காந்து, அடிக்கிற போனைக் கையில வச்சுக்கிட்டு பச்சை பட்டனை மேல மேல தள்ளிக்கிட்டு இருக்காங்க. நான் சொல்லிக் குடுத்தது அதான், "பச்சைய மேல தள்ளும்மா". இப்ப அதைப் பக்கவாட்டுல இழுக்கணும். அக்கா போன்ல அம்மா பேசின முதல் வார்த்தை, "நான் ஒண்ணும் பண்ணலய்யா, அதுவா கெட்டுப்போச்சு". அத நெனச்சா இன்னைக்கும் மனசு கேக்கல.

அப்புறம் தோண்டிப் பாத்தா, அந்த மாத்தம் ஆண்ட்ராய்டு அப்டேட்ல வந்ததே இல்ல. நான் ஹாட்ஸ்பாட் போட்டதும், வைஃபை கிடைச்சிருச்சுன்னு ப்ளே ஸ்டோர் மத்த ஆப்பையெல்லாம் தானா அப்டேட் பண்ணியிருக்கு, கால் பேசுற ஆப்பும் அதுல ஒண்ணு. அந்த ஆகஸ்ட்ல நிறையப் பேருக்கு கால் ஸ்கிரீன் திடீர்னு மாறி, என்ன ஏதுன்னு ஆளாளுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தாங்களே, அதேதான். அம்மாவுக்கு எழுத்து படிக்க வராது, எது எந்த இடத்துல இருக்குங்கறதை வச்சுத்தான் போனே. இடத்தை மாத்துனா அவங்களுக்கு அது வேற போன்.

இன்னொண்ணு, அம்மா முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்க, பசையிலயும் காகிதத்துலயும் பெருவிரல் ரேகையே தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. ரேஷன் கடை மிஷின்ல அஞ்சாறு தடவை அமுக்கியும் பதியலன்னு நாளைக்கு வாங்கன்னுட்டாங்க, பாமாயிலுக்காக அந்த வெயில்ல மூணு நாள் நடந்தாங்க. கேள்விக்கு சம்பந்தமில்லன்னு தெரியும், ஆனாலும் சொல்லாம இருக்க முடியல. உழைச்சுத் தேஞ்ச கையை எந்த மிஷினும் கணக்குல எடுக்க மாட்டேங்குது.

உடனே செக்யூரிட்டி தெரியாத ஆளுன்னு யாரும் கிளம்பி வர வேணாம், நான் அப்டேட் வேணாம்னு சொல்லவே இல்ல. மாசாமாசம் வர்ற செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற சின்ன அப்டேட், வந்த அன்னிக்கே போட்டுருங்க, அதுல ஸ்கிரீன் பெருசா மாறாது. பெரிய வெர்ஷன்லயும் நல்லது இருக்கு. வாட்ஸ்அப்ல டிராஃபிக் சலான், கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே (ஆப்பை நேரா போன்ல ஏத்துற ஃபைல்) அனுப்பி அக்கவுண்ட்டைக் காலி பண்றானுங்கல்ல, அந்த மாதிரி ப்ளே ஸ்டோருக்கு வெளியிலேர்ந்து போடுற ஆப்புக்கு அக்சஸிபிலிட்டி பர்மிஷன், அதாவது ஸ்கிரீனைப் படிச்சு நமக்குப் பதிலா அதுவே தட்டுற அனுமதி, லேசுல கிடைக்காதபடி ஆண்ட்ராய்டு 13லேர்ந்து தடை வச்சிருக்காங்க. வயசானவங்க போனுக்கு அது ரொம்ப முக்கியம். ஆனா ஏத்திட்டா பழசுக்குத் திரும்பறது கஷ்டம், போனை மொத்தமா அழிக்கணும், நிறைய மாடல்ல அதுவும் முடியாது.

அதனால போடுங்க, ஊருக்குப் போன முதல் நாளே போடுங்க, கிளம்புற அன்னிக்கு வேணாம். போட்டுட்டு அடுத்த ரூம்லேர்ந்து பத்து தடவை கால் பண்ணி அவங்களையே எடுக்கச் சொல்லுங்க, வாட்ஸ்அப் எங்க இருக்குன்னு அவங்க விரலாலயே தொடச் சொல்லுங்க, நீங்க வாங்கித் தொட்டுக் காட்டாதீங்க.

நான் அந்த சனிக்கிழமையே திரும்ப ஊருக்கு ஓடினேன். அந்த கால் ஆப்போட செட்டிங்ஸ்லயே இழுக்கறதுக்குப் பதிலா ஒரு தட்டு தட்டி எடுக்கற வசதி இருந்துச்சு, அதைப் போட்டு விட்டேன். தேஞ்ச விரலுக்கு தள்ளுறதை விட தட்டுறது சுலபமா இருக்கு, இப்ப ரெண்டாவது ரிங்லயே எடுத்துடறாங்க. ப்ளே ஸ்டோர்ல அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் மூணு புள்ளியை அமுக்கி ஆட்டோ அப்டேட் டிக்கை எடுத்துட்டேன், ஊருக்குப் போறப்ப நானே பக்கத்துல உக்காந்து போட்டுக்கறேன்.